காட்டுப்பன்றி என்றார்கள்

அந்த வீட்டில் யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. வந்த முதல் வாரத்திலேயே வென்லா அதைத் தெரிந்துகொண்டாள். பின்லாந்தில், குவோபியோவில், அவள் வீட்டில் ஆளாளுக்குப் பசிக்கிற நேரத்தில் குளிர்பெட்டியைத் திறந்து எதையாவது எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவார்கள். இங்கே, இத்தாலிய மலையூரான மோந்தெச்செர்வோவில், ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் மாடியேறியபோது வீட்டுக்காரி லொரெதானா பதறிப்போய்ப் பின்னாலேயே வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும், அப்படியானால் யார் மேலே கோபம் என்று கேட்டாள்.

ஒரு பள்ளிக்கூட ஆண்டை இத்தாலியக் குடும்பமொன்றில் கழிக்க வந்தவள் வென்லா. பதினேழு வயது. லொரெதானாவும் அவள் கணவன் ஒத்தாவியோவும் அவளைச் சொந்தப் பெண்ணாகவே நடத்தினார்கள். ஒத்தாவியோ ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தான். ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், வடதுருவத்திலிருந்து தனக்கு ஒரு மகள் வந்திருப்பதாகச் சொல்லிப் பெருமைப்பட்டான். அவர்களுடைய ஒரே மகன் ருஜேரோவுக்குப் பத்தொன்பது வயது. வசந்த காலத்தில்தான் கார் உரிமம் வாங்கியிருந்தான். தீயணைப்புப் படைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டுச் சுவரில் இரும்புக் கம்பி அடித்துத் தொங்கித் தொங்கிப் பயிற்சி செய்வான். வென்லாவின் உச்சரிப்பைக் கிண்டல் செய்வதும், அவளுக்குக் கெட்ட வார்த்தைகள் சொல்லிக்கொடுத்து அம்மாவிடம் திட்டு வாங்குவதும் அவன் வேலை.

நவம்பரில் ஆலிவ் அறுவடை வந்தது. மலைச்சரிவில் இருக்கும் எண்ணெய் ஆலை ஓயாமல் ஓடியது. ஊர் முழுக்கப் புது எண்ணெயின் வாசம், பச்சைப் புல்லை நசுக்கியதுபோல. மாலையானால் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து தெருவிளக்குகளை விழுங்கிவிடும்.

அப்படிப்பட்ட ஒரு மாலையில்தான் கீழூரில் கைப்பந்துப் பயிற்சி முடிந்த வென்லாவை ருஜேரோ தன் சின்ன நீலக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். பெரிய சாலை சுற்று என்று சொல்லி ஆலைச் சாலையில் திருப்பினான். பனி கண்ணாடிக்கு வெளியே சுண்ணாம்புச் சுவர் மாதிரி நின்றது. அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். ஒரு வளைவில் காரின் முன்பக்கம் எதன் மேலோ மோதியது. பெரிய சத்தமில்லை. ஈரமான மூட்டை ஒன்று விழுந்தால் கேட்குமே, அப்படி. கார் ஒரு கணம் தயங்கியது. பிறகு போய்க்கொண்டே இருந்தது.

வென்லா திரும்பிப் பார்த்தாள். பின்கண்ணாடியில் பனிக்குள் ஒரு வெளிச்சம் தரையோடு தரையாக உருண்டது. உருண்டு, நின்றது.

ருஜேரோ இன்னும் இரண்டு வளைவுகள் ஓட்டினான். பிறகு, "பன்றி," என்றான். "காட்டுப்பன்றி. இந்த ரோட்டுல சகஜம்."

வீட்டு வாசலில் ஒத்தாவியோ வண்டியைப் பார்த்தான். ஒரு விளக்கு உடைந்திருந்தது. அதன் மேலே தகரம் உள்ளே போயிருந்தது. பன்றி என்று மகன் சொன்னதும், வண்டிதானே போகட்டும், உங்களுக்கு ஒன்றுமில்லையே என்றான். துணியை எடுத்து முன்பக்கத்தைத் துடைத்தான். துடைத்த கையை மூக்கருகே கொண்டுபோனான். கார் அருகில் நின்ற வென்லாவுக்கும் அந்த வாசம் வந்தது. புது ஆலிவ் எண்ணெய். ஒத்தாவியோ கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டு எல்லோரையும் உள்ளே போகச் சொன்னான். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பள்ளிப் பேருந்துக்குப் போனபோது சதுக்கத்தில் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். காபிக் கடை நீவெஸின் கணவன் எல்வியோவை ஆலைச் சாலை ஓரத்துப் பள்ளத்திலிருந்து தூக்கியிருந்தார்கள். தன் மரத்து எண்ணெயைத் தகர டின்னில் வாங்கிக்கொண்டு, கையில் டார்ச் விளக்கோடு நடந்து வந்தவனை ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டது. இடுப்பு முறிவு, தலையில் அடி. கம்போபாஸோ மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தான். ஆலைக்குப் போன இன்னொருவன் தற்செயலாகப் பார்த்திராவிட்டால் குளிரிலேயே செத்திருப்பான் என்றார்கள்.

அன்று பள்ளியில் என்ன நடந்தது என்று வென்லாவுக்கு நினைவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தபோது நீலக் கார் இல்லை. பக்கத்து மாவட்டத்தில் லொரெதானாவின் சித்தி மகன் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே கொண்டுபோய் விட்டாயிற்று. சாப்பாட்டு மேசையில் எல்வியோவின் பெயர் வந்தது. பாவம், நல்ல மனுஷன் என்றாள் லொரெதானா. உருளைக்கிழங்கை எல்லோர் தட்டிலும் வைத்தாள். ருஜேரோவின் தட்டில் வைக்கும்போது மட்டும் அவள் கை அவன் தலைமேல் கொஞ்சம் தங்கியது. அவன் குனிந்தே சாப்பிட்டான். காரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓயாமல் பேசுகிற வீடு. ஒரே சமயத்தில் மூன்று பேர் பேசி, மூன்று பேருக்கும் எல்லாம் புரிகிற வீடு. அன்று முள்கரண்டிகளின் சத்தம்தான் கேட்டது.

அடுத்து வந்த நாட்களில் வென்லாவுக்கு அந்த வீட்டில் கிடைத்த அன்பு கூடிப்போனது. ஒத்தாவியோ அவளுக்குத் தடித்த குளிர்க்கோட்டு வாங்கி வந்தான். லொரெதானா அவள் தலையைச் சீவிவிட்டாள். ஒருநாள் சீவிக்கொண்டே, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"உனக்கு ஒண்ணுன்னா நான் எரிமலையிலகூட இறங்குவேன், தங்கம். குடும்பம்னா அதுதான். நீயும் எங்களுக்கு அப்படித்தானே?"

வென்லா தலையாட்டினாள். சீப்பு தொடர்ந்து ஓடியது.

காவல் நிலைய அதிகாரி மரினெல்லி ஒரு மாலை வந்தார். ஒத்தாவியோவும் அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சீட்டாடுகிறவர்கள். ஊரில் எல்லார் வீட்டுக்கும் போய்க்கொண்டிருப்பதாகவும், சும்மா கேட்டுவிட்டுப் போக வந்ததாகவும் சொல்லிக் காபிக்கு உட்கார்ந்தார். அன்று மாலை யார் யார் வெளியே போனார்கள் என்று கேட்டார். ருஜேரோ வாயைத் திறக்கும் முன்பே ஒத்தாவியோ பதில் சொன்னான்: பையன் இந்தப் பெண்ணைக் கூட்டிவரக் கீழூர் போனான், பெரிய சாலை வழியாக வந்தான். மரினெல்லி தலையசைத்துவிட்டு வென்லாவைப் பார்த்தார்.

"நீ ஏதாவது பார்த்தியாம்மா? வேற வண்டி, மனுஷங்க?"

"அவளுக்கு ரோடெல்லாம் எங்கே தெரியும், பாவம்," என்றாள் லொரெதானா. "இன்னும் பேச்சே சரியா வரல." பேசிக்கொண்டே வென்லாவின் தோளில் கையை வைத்தாள். சூடான, கனமான கை.

வென்லா இத்தாலிய மொழியில் கனவு காணவே தொடங்கியிருந்தாள். ஆனாலும் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொள்வது எளிதாக இருந்தது. "பனி," என்றாள். "ஒண்ணும் தெரியல."

மரினெல்லி காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நீவெஸ் கடையை அடைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று காலையில் கடை திறந்து, மதியத்துக்கு மேல் மருத்துவமனைக்குப் போய் வந்தாள். மாலையில் அவள் அக்கா மகன் கடையைப் பார்த்துக்கொண்டான். செப்டம்பரிலிருந்து தினமும் பேருந்துக்கு முன்னால் அங்கே பால் கலந்த காபி குடிப்பது வென்லாவின் வழக்கம். திடீரென்று போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று பயந்து, போய்க்கொண்டே இருந்தாள். நீவெஸ் கண்ணெல்லாம் வீங்கிப்போய்க் காபி போட்டுத் தருவாள். வெளிறிப்போயிருக்கிறாயே, சரியாகச் சாப்பிடுகிறாயா என்று அவளைத்தான் விசாரிப்பாள். வென்லா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுவாள்.

ஊர் ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தது, கண்டுபிடித்தும் விட்டது. வெள்ளை வேனில் காய்கறி விற்கிற பெஸ்னிக். அல்பேனியாவிலிருந்து வந்தவன், வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அவன் பிள்ளைகள் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். அன்று மாலை ஆலைக்கு ஆரஞ்சுப் பெட்டிகள் கொடுக்கப் போயிருந்தான்; வேனின் முன்பக்கத்தில் பழைய நசுங்கல் ஒன்று இருந்தது. நேற்றுவரை அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது அல்பேனியாக்காரன் என்றார்கள். போலீஸ் அவன் வேனை இழுத்துக்கொண்டு போனது. காபிக் கடையில் ஒருவர், இவர்களையெல்லாம் ஊருக்குள் விட்டது நம் தப்பு என்று உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு வென்லா நிற்பதைப் பார்த்து, உன்னைச் சொல்லலைம்மா என்று சிரித்தார்.

சனிக்கிழமை மதியம் பெஸ்னிக்கின் மனைவி ஃப்லுத்துரா லொரெதானாவைத் தேடி வீட்டுக்கு வந்தாள். லொரெதானா வேலை பார்க்கிற தொடக்கப் பள்ளியில்தான் அவள் சின்ன மகள் படித்தாள். ஊரில் மதிப்புள்ள யாராவது ஒருவர் மரினெல்லியிடம் தன் கணவனைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்க வந்திருந்தாள். அழவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். லொரெதானா காபி கொடுத்தாள். அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொண்டு, "எல்லாம் சரியாயிடும், உண்மை ஒருநாள் வெளியே வந்துடும்," என்றாள். சமையலறை வாசலில் நின்று வென்லா இதைப் பார்த்தாள். ஃப்லுத்துரா போனபிறகு லொரெதானா அந்தக் கோப்பையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். வென்லா உள்ளே போய்க் குழாயை மூட வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் குவோபியோவிலிருந்து அப்பா பேசினார். ஏரி உறைய ஆரம்பித்துவிட்டது என்றார். எல்லாம் சரியா என்று கேட்டார். சரி என்றாள். பேசி முடித்துப் படியிறங்கி வந்தாள். மேசையில் சாப்பாடு தயாராக இருந்தது. தொலைக்காட்சியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து முள்கரண்டியை எடுத்தவள், கீழே வைத்துவிட்டாள்.

"அது பன்றி இல்ல."

ஒத்தாவியோ எட்டித் தொலைக்காட்சியை அணைத்தான். "எது?"

"வெளிச்சம் பார்த்தேன். டார்ச் லைட். உருண்டுச்சு."

"பனியில கண்ணுக்கு என்னென்னவோ தெரியும்."

"எண்ணெய் வாசனை வந்துச்சு. நீங்களும் மோந்து பார்த்தீங்க."

ஒத்தாவியோவின் முகம் சிவந்தது. கத்தவில்லை, கத்தியிருந்தால் அவளுக்குப் பழகின மனிதனாக இருந்திருப்பான். மெதுவாகச் சொன்னான்: "கேளு. எல்வியோ பொழைச்சுக்கிட்டான். நேத்து கண்ணு முழிச்சிட்டானாம். அந்த அல்பேனியாக்காரன் மேல எதையும் நிரூபிக்க முடியாது, விட்டுடுவாங்க. யாருக்கும் எதுவும் ஆகாது. நீ வாயைத் திறந்தா என் பையனோட வாழ்க்கை போச்சு. ஜூன் மாசம் நீ விமானம் ஏறிடுவே. நாங்க இங்கேயேதான் இருக்கணும்."

"பெஸ்னிக்கும் இங்கேயேதான் இருக்கணும்," என்றாள் வென்லா.

லொரெதானா நாப்கினை மேசைமேல் வைத்தாள். "இந்த மேசையில உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே இதைச் சொல்றியா நீ?"

ருஜேரோ எழுந்தான். குளிர்க்கோட்டைக்கூட எடுக்காமல் கதவைத் திறந்துகொண்டு போனான். லொரெதானா பின்னால் ஓடினாள். வாசலுக்குப் போவதற்குள் பனி அவனை மூடிவிட்டது. கைபேசி மேசைமேலேயே கிடந்தது. ஊருக்கு மேற்கே ஒரு பாலம் இருக்கிறது. மிக உயரமானது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் ருஜேரோவின் வகுப்புத் தோழன் ஒருவன் அங்கிருந்துதான் குதித்தான். அதை யாரும் சொல்லவில்லை. மூன்று பேரும் அதையேதான் நினைத்தார்கள். ஒத்தாவியோ கடை வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் பறந்தான். லொரெதானா வென்லாவின் கையை அழுத்திப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று தொடங்கியவள் முடிக்காமல், செருப்புக் காலோடு அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே சதுக்கத்தின் பக்கம் ஓடினாள்.

வென்லா கோட்டை மாட்டிக்கொண்டு, கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஆலைச் சாலையில் இறங்கினாள். ஏன் அங்கே என்று யோசிக்கவில்லை. பனியில் தன் கையே தெரியவில்லை. எதிரே ஏதாவது வண்டி வந்தால் தானும் எல்வியோ மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு ஓரமாகவே நடந்தாள். கூப்பிட்டால் பதில் வராமல் போய்விடுமோ என்று பயந்து கூப்பிடவும் இல்லை. வளைவில், பள்ளத்தின் விளிம்பில், ஒருவன் குந்தி உட்கார்ந்திருந்தான். கைபேசி வெளிச்சத்தில், தார்ச்சாலையில் எண்ணெய்க் கறை இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.

"நான் பிரேக்ல கால் வெச்சேன்," என்றான் ருஜேரோ, அவள் பக்கம் திரும்பாமலே. "நீ நிறுத்துன்னு சொல்லுவேன்னு நினைச்சேன். சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். நீ சொல்லல."

அது நியாயமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய்யில்லை என்றும் தெரிந்தது. "என் பாஷையிலதான் வந்துச்சு," என்றாள். "அதுவும் வாய்க்குள்ளேயே நின்னுடுச்சு."

அவன் பல் கிட்டுகிற அளவுக்கு நடுங்கினான். ஒத்தாவியோ வாங்கிக்கொடுத்த கோட்டைக் கழற்றி அவன்மேல் போட்டாள். தீயணைப்புப் படைக்குப் போகிறவன் ஒருத்தனைப் பள்ளத்தில் போட்டுவிட்டுப் போனான் பாரு என்று ருஜேரோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு, தனியாகப் போக முடியாது, நீயும் வருகிறாயா என்று கேட்டான். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

காபிக் கடையில் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நீவெஸ் அன்று மருத்துவமனையிலிருந்து நேராகக் கடைக்கு வந்திருந்தாள். கணவன் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சந்தோஷத்தில் எல்லாருக்கும் ஒரு சுற்று மது ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் போடும் கோட்டோடு வந்து நின்ற ருஜேரோவைப் பார்த்து ஒருவர் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நான்தான் இடிச்சேன்," என்றான் ருஜேரோ. "பெஸ்னிக் இல்ல. நான்."

சீட்டுகள் மேசைமேல் இறங்கின. நீவெஸ் பாட்டிலை வைக்க இடம் தேடுகிறவள்போல அங்கும் இங்கும் பார்த்தாள்.

"கூப்பிட்டாரா?" என்று கேட்டாள். "இடிச்சப்புறம் அவர் ஏதாவது கூப்பிட்டாரா?"

"ஜன்னல் மூடியிருந்துச்சு."

அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வென்லாவிடம் திரும்பினாள். "நீ கூட இருந்தே."

"ஆமா."

"தினமும் காலையில வந்து என் கையால காபி வாங்கிக் குடிச்சே."

மன்னிப்புக்கான வார்த்தை வென்லாவுக்கு அந்த மொழியில் நன்றாகவே தெரியும். வாயைத் திறந்தால் அது மிகச் சின்னதாக இருக்கும் என்று பட்டது. நீவெஸ் யாரிடமோ மரினெல்லிக்குப் போன் போடச் சொன்னாள். அவர் வரும்வரை ருஜேரோவை யாரும் உட்காரச் சொல்லவில்லை, வென்லாவையும் சொல்லவில்லை. இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். லொரெதானா வந்து கதவைத் திறந்தபோது, மகன் உயிரோடு நிற்பதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததையும், அறையில் இருந்த மற்ற முகங்களைப் பார்த்து அது அணைந்ததையும் வென்லா பார்த்தாள்.

எல்வியோ கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டான். ஒரு கால் கொஞ்சம் இழுக்கிறது. அந்த மாலையில் கையில் எண்ணெய் டின் கனத்தது மட்டும்தான் அவனுக்கு நினைவிருக்கிறதாம். பெஸ்னிக்குக்கு வேன் திரும்பக் கிடைத்தது. பழைய ஆட்களே அவனிடம் ஆரஞ்சு வாங்கப் போனார்கள். அவன் விற்றான், ஆனால் சதுக்கத்தில் வேனை நிறுத்துவதை விட்டுவிட்டான். ருஜேரோமேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தானாகவே வந்து சொன்னது உதவும் என்றார் வழக்கறிஞர். தேர்வு எழுத முடியவில்லை. தகப்பனின் கடையில் ஆணி எடை போட்டான். மகனுக்காகப் பொய் சொன்னதற்கு ஒத்தாவியோவும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மரினெல்லி அவனோடு சீட்டாடுவதில்லை.

வென்லாவை அனுப்பிய அமைப்பு, கடற்கரையில் தெர்மோலியில் அவளுக்கு வேறு குடும்பம் பார்த்தது. கிளம்புகிற அன்று லொரெதானா வாசல்வரை வந்தாள். அந்த வாரங்களில் ஒரே மேசையில் சாப்பிட்டும் தேவைக்குமேல் அவள் வென்லாவிடம் பேசியிருக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ செஞ்சது சரின்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள். "நானும் ஒருநாள் சொல்லுவேனா இருக்கும். இப்ப முடியல."

கட்டிப்பிடிக்கவில்லை. அந்த ஊரில் விடைபெறும்போது கட்டிப்பிடிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இதற்குள் வென்லாவுக்குத் தெரியும். கடைக்கு வெளியே நின்ற ருஜேரோ கையை மட்டும் உயர்த்தினான்.

ஒத்தாவியோதான் கடை வண்டியில் கொண்டுபோய் விட்டான். மலை இறங்கியதும் கடல் தெரிந்தது. புதிய வீட்டில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினான். மேலே மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வென்லா மணியை அழுத்தினாள்; உள்ளே யாரோ கதவுப் பக்கம் வரும் காலடி கேட்டது.

"ருஜேரோ இப்பல்லாம் தூங்குறான்," என்றான் ஒத்தாவியோ. "அந்த நாளெல்லாம் ராத்திரி முழுக்க நடந்துக்கிட்டே இருந்தான். எங்களுக்கும் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு."

கதவு திறந்தது. மாவு படிந்த கையோடு ஒரு பெண் நின்றாள். வாங்க வாங்க என்று இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டாள்; ஒரு காபி குடிக்காமல் விடுவதாக இல்லை என்றாள். ஒத்தாவியோ கடையைத் திறக்க வேண்டும் என்று மறுத்தான். பெட்டியை உள்ளே வைத்தான். வென்லாவின் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான். கடைசிப் படிவரை அவன் காலடி கேட்டது; அதுவரை வென்லா வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே போனாள்.